பொட்டு வைத்த ஸ்பேனர்

1

கனடாவில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். வண்டிச் சக்கரத்தை நேராக்குகிறேன் என்று சொன்னால், கேட்டவர் என் கையைப் பார்ப்பார், பிறகு என் கணவரின் முகத்தைப் பார்ப்பார். சண்முகக்கனி பி.காம். படித்தவளாயிற்றே, ஏதோ கணக்கு வேலையை அடக்கமாகச் சொல்கிறாள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மண்டன் நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்து நட்டைத் திருகுவது நான்தான். என் கணவர் குருசாமி, சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி என்ற ஊரில் காடுகரை வைத்து விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்று அவருக்குத் தெரியாது, ஆனால் கடையின் பெருமையை என்னைவிட நன்றாகப் பேசுவார்.

எனக்குப் பேர் வாங்கித் தந்தவை தூக்கின வண்டிகள். இந்த ஊர் இளவட்டங்களுக்கு ஒரு நோய் உண்டு. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப் வண்டியை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி, அரை அடி உயரத்துக்குத் தூக்கி, இடுப்பளவு டயரை மாட்டுவார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. சேற்றில் போகலாம், பாறையில் ஏறலாம் என்று காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை பாதிப்பேர் காபிக்கடை வாசல் வரைக்கும்தான் ஏறியிருக்கிறார்கள்.

இருக்கட்டும், அவர்கள் ஆசை அவர்களுக்கு. தூக்கினால் என்ன ஆகுமென்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹேண்டில்பாரிலிருந்து முன்சக்கரத்துக்கு இறங்கும் கவை செங்குத்தாக இருக்காது, கீழ்ப்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுகிறது, திருப்பிவிட்டாலும் தானாக நேருக்கு வருகிறது. பிக்கப்புக்கும் அந்தச் சாய்வு உண்டு, அதற்குக் காஸ்டர் என்று பேர். வண்டியின் உடம்பை மேலே தூக்கும்போது, முன் அச்சைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள் அச்சையே லேசாகத் திருப்பிவிடும். சாய்வு போய்விடும். அதற்குப் பிறகு வண்டி, தெருநாய் மோந்து பார்த்துக்கொண்டே போவதுபோல அங்கிட்டும் இங்கிட்டும் அலையும். ஓட்டுகிறவன் வழி முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். வெயில் காலத்தில் கைவலியோடு போகும். பனி விழுந்த சாலையில் உயிருக்கே உலை வைக்கும்.

2

இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் வாங்கப் போன கதையை ஊரில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. எழுதி வைக்கவில்லை, அதனால் ஒருதரம் எழுதிவிடுகிறேன்.

முன் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். எனக்கா அனுபவம் இல்லை? சிவகாசியில் சாத்தூர் ரோட்டில் எங்கள் அப்பாவுக்கு லாரி செட். பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைகளில் லோடு ஏற்றி வடக்கே அனுப்புவது தொழில். கல்லூரி முடித்ததும் கணக்கு எழுத நான் உட்கார்ந்தேன். எந்த லாரி டயரை எம்புட்டு வேகத்தில் தின்கிறது என்பதும் கணக்கில் வந்ததால், மேசையிலிருந்து என் கண் சக்கரத்துக்குப் போய்விட்டது. எழுந்துபோய் நூல் கட்டிச் சக்கரத்தை அளக்க ஆரம்பித்தேன். பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்று அப்பா சத்தம் போட்டார். டயர்ச் செலவு குறைந்ததும் சத்தமும் குறைந்துவிட்டது.

இதையெல்லாம் ஒரு கடிதமாக அனுப்பச் சொல்லி அண்ணன் தங்கராஜிடம் கேட்டேன். அப்பாவுக்குப் பிறகு செட்டை நடத்துவது அண்ணன்தான். சிவகாசியில் லெட்டர்பேடு அடிக்கச் சொன்னால் எப்படி அடிப்பார்கள்? வழவழ பேப்பர், நான்கு கலர், மேலே மயிலோடு முருகன், இரண்டு பக்கமும் லாரி, ஓரமெல்லாம் தங்கக் கொடி. நடுவில் இருந்த கொஞ்சூண்டு இடத்தில்தான் என் அனுபவம். கவுண்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகாக இருக்கிறது, மற்ற மாதங்கள் எங்கே?" என்று கேட்டார். காலண்டர் என்று நினைத்துவிட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அனுபவம் பூஜ்யம் என்று பதிந்துகொண்டு, முதலிலிருந்து படித்து வா என்று அனுப்பினார்கள். கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் படித்தேன். வகுப்பில் மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் சேலை கட்டத் தெரிந்தவள். பரீட்சையில் அவர்களைவிட அதிகம் வாங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

இங்கிலீஷ் மட்டும் என்னிடம் நம்ம ஊர் வழியாகத்தான் வரும். கடை திறந்த புதிதில் ஒருவரிடம், உங்கள் வண்டி டயர் தின்னுது என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் தன் தம்பியைக் கூட்டிவந்து, "இவன் வண்டிக்கும் பசி" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும், வண்டி வந்தால் போதும்.

3

கைக்குழந்தை என்று சொன்னேனே, அவன் கதிர். இப்போது இருபத்திரண்டு வயது. இங்கேயே வளர்ந்தவன். தமிழில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் பேசினால் சாத்தூர் பஸ்ஸில் ஏறி வந்தவன் மாதிரி பேசுவான். மற்றபடி எங்கள் வீட்டில் அவன் ஒரு வாடகைக்காரன். வருவான், குளிப்பான், போவான். நான் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்குக் கதவைச் சாத்திக்கொள்வான். கோயிலுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறதென்பான். கடையில் வந்து நில் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கனரக இயந்திர மெக்கானிக் படிப்புப் படித்துவிட்டு, வடக்கே, எண்ணெய் கலந்த மணலைத் தோண்டியெடுக்கும் சுரங்கத்தில் வேலைக்கு எழுதிப் போட்டான். வேலையும் கிடைத்துவிட்டது. இங்கிருந்து ஐந்தாறு மணி நேர ஓட்டம். காட்டு நடுவில் முகாமில் தங்க வேண்டும்.

அந்த வேலையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒத்தைப் பிள்ளை, குளிர்காலத்தில் அந்த ரோட்டில் போய்வர வேண்டுமே என்ற பயம் ஒன்று. அதைவிட, எட்டு வருசம் கட்டி நிறுத்திய கடை இங்கே இருக்கும்போது இன்னொருவனிடம் கைகட்டி நிற்க வேண்டுமா என்ற ஆத்திரமும் இருந்தது. இரண்டையும் அவனிடம் பலதடவை சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை.

இதற்கிடையில் அந்த நோய் அவனையும் பிடித்தது. ஒரு பிக்கப்பை வாங்கி, சிநேகிதன் வீட்டுக் கொட்டகையில் வைத்து ஆறு இஞ்ச் தூக்கிவிட்டான். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, "இதுல ஏற ஏணி தனியா விக்கிறாகளா?" என்று கேட்டேன். முதலில் அதை எறக்கு, பிறகு பேசுவோம் என்றும் சொன்னேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை. எறக்கவும் இல்லை.

அடுத்த மாதம் டயர் மொத்த வியாபாரியிடம் போயிருந்தேன். பக்கத்து ஊரில் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவர் அங்கே வந்திருந்தார். "உன் பையன் வண்டிக்கு நான்தான் சக்கரம் பார்த்தேன், தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி நானும் சிரித்தேன். கறிக்கடைக்காரன் பிள்ளை அடுத்த தெருக் கறிக்கடையில் வரிசையில் நின்றதுபோல இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து கதிரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம், அழுதால் அவனுக்கு இன்னும் இளக்காரமாகப் போய்விடும்.

4

கடை திறந்தது ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள். அதனால் ஆயுத பூஜைதான் எங்கள் ஆண்டு விழா. இந்த வருசமும் முதல்நாளே ஜாக்கி, கம்ப்ரசர், வண்டியை ஏற்றும் மேடை, கணினி எல்லாவற்றையும் துடைத்துவைத்தேன். ஸ்பேனர்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்திச் சிவப்புத் துணியில் வைத்தேன். பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் இங்கே கிடைக்கிறது. வெள்ளைப் பூசணிதான் கிடைக்காது. ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகைக்கு விற்கிற ஆரஞ்சுப் பூசணியைத்தான் சுற்றிப்போடுவோம். ரோட்டில் உடைத்தால் கேஸ் ஆகிவிடும் என்று என் வீட்டுக்காரர் இவர் பயப்படுவதால், அதைக் கடைக்குப் பின்னால் ஒரு டிரம்முக்குள் உடைப்பது வழக்கம்.

பூஜைக்கு முதல்நாள் சாயங்காலம் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். ஊரில் அப்போது பூஜை நாள் காலை. பின்னால் லாரிகள் வாழைமரமும் மாலையுமாக நின்றன.

"என்ன கனி, மாப்ள சௌக்கியமா இருக்காகளா? அங்கன குளிரு எம்புட்டு?"

"அவுகளுக்கென்ன, நல்லா இருக்காக. குளிர் ஆரம்பிச்சிருச்சுண்ணே. அங்க சீசன் எப்படி?"

"சீசன் தலைக்கு மேல போகுது. தாயில்பட்டியில ஒரு லோடு கட்டிக் கெடக்கு. ஏசண்டு விடியகாலமே வந்து செட்டு வாசல்ல உக்காந்துட்டான். ஒரே ஒரு வண்டி குடுங்கங்கான்."

"என்ன சொன்னீக?"

"என்னத்தச் சொல்ல? சுண்டலச் சாப்பிடுங்க, நாளைக்குக் காலையில வண்டி வரும்னேன்."

எங்கள் பக்கத்தில் அது ஒரு சட்டம். பொட்டு வைத்த ஆயுதம் மறுநாள் காலைப் பூஜைவரை எந்திரிக்காது. தீபாவளி நெருங்க நெருங்க சிவகாசியில் ராப்பகலாக லோடு ஏறும், ஒரு மணி நேரம் பிந்தினாலும் வடக்கே கடைக்காரன் போனில் கத்துவான். அப்பேர்ப்பட்ட நெருக்கடியிலும் அந்த ஒரு நாள் ஒரு சக்கரம் உருளாது. டிரைவர்கள் அன்றைக்குத்தான் மத்தியானச் சோற்றை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு முதலாளி ஒரு வருசம் மீறினால் அடுத்த வருசம் எல்லோரும் மீறுவார்கள், அந்த ஒரு நாளும் போய்விடும். சாமி கோபித்துக்கொள்ளும் என்பதற்காக நான் இதைக் கடைப்பிடிக்கவில்லை. என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் அன்று சம்பளத்தோடு லீவு. வாடிக்கையாளர்கள் என்ன தலைபோகிற அவசரத்தோடு வந்தாலும் நாளைக்கு வா என்பதுதான் பதில்.

5

பூஜை முடிந்து, கற்பூரம் அணைந்து, சுண்டலைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தேன். கதிரின் வண்டி வாசலில் வந்து நின்றது. பூஜைக்குக் கூப்பிட்டதற்கு வேலை இருக்கிறதென்று சொன்னவன் ஏன் வருகிறான் என்று பார்த்தேன். இறங்கி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, இதக் கொஞ்சம் பாக்கிறியா?"

"என்னலே ஆச்சு?"

"ஹைவேயில போய்க்கிட்டு இருந்தேன். பக்கத்துல ஜல்லி லாரி. ஸ்டியரிங்க நேராத்தான் புடிச்சிருந்தேன், வண்டி தானா அவன் பக்கம் போயிருச்சு. லாரிக்காரன் ஒதுங்கினான். இல்லன்னா..."

அந்தச் சுரங்க வேலையில் சேர அவன் மறுநாள் விடிந்ததும் வடக்கே கிளம்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் முகாமில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும். வழியில் பனி விழும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டியை அன்றைக்கே பார்த்தாக வேண்டும், ஆனால் என் ஆயுதமெல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் படுத்திருந்தது.

இவர் என்னைப் பொரித் தட்டுப் பக்கம் ஒதுக்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"கனி, சாமியே ஒரு வழி காட்டியிருக்கு. இந்த வண்டி ரோட்டுக்கு லாயக்கில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. இந்த விசயத்துல நீ சொன்னா நம்புவான். பூஜை நாளு, கை வைக்க முடியாது, ஒரு வாரம் ஆகும்னு சொல்லு. அங்கிட்டு அந்த வேலையும் போயிரும். இங்கனயே கெடப்பான்."

"பொய் சொல்லச் சொல்றீகளா?"

"பொய்யா இது? லாயக்கில்லாத வண்டிதான?"

ஒரு வாரம் என்பதைத் தவிர அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நேரத்தில் அந்த வண்டி ரோட்டுக்கு லாயக்கில்லைதான். பூஜை நாளும் நான் உண்டாக்கியதில்லை. எட்டு மாதமாக நான் கத்திக் கத்திச் சாதிக்க முடியாததை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம், பழியும் என் மேல் வராது. மனசு அந்தப் பக்கம் சாயவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். 

கதிர் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பூஜை நாள் சட்டம் அவனுக்கும் தெரியும். "பரவால்லம்மா, மெதுவா ஓட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்துத் திரும்பினான். மெதுவாக ஓட்டுவானாம். அந்தக் காஸ்டரை வைத்துக்கொண்டு, பனியில், அம்புட்டுத் தூரம்.

"நில்லுலே," என்றேன். "உன் ஸ்பேனரெல்லாம் எங்க?"

"வண்டியில. பின்னாடி பெட்டியில இருக்கு."

"அதுக்கு யாராச்சும் பொட்டு வச்சாகளா?"

"இல்ல."

"ஜாக்கி?"

"அதுவும் என்னோடதுதான் இருக்கு."

"பின்ன என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க? வண்டிய உள்ள ஏத்து."

இவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. பொரியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

6

மேடைக்குப் பொட்டு வைத்திருந்தது, ஆகவே சமதளத் தரையிலேயே நிறுத்தச் சொன்னேன். அதனால் ஒரு குறையும் இல்லை, தூக்கின வண்டிக்கு அடியில் நான் கிட்டத்தட்ட உட்கார்ந்தே போகலாம். அளவு காட்டும் என் கணினியும் பொட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. சாய்வை எதை வைத்து அளப்பதென்று யோசித்தபோது கதிர் தன் போனை நீட்டினான். அதில் கோணம் காட்டும் வசதி இருக்கிறதாம். அச்சின் முனையில் தட்டையான இடத்தைத் துடைத்துப் போனை வைத்தோம். நினைத்தது சரி. சாய்வு பேருக்குக்கூட இல்லை.

அடியில் நுழைந்து பார்த்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சைப் பிடிக்கிற கீழ்க் கைகளை, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி நல்லதாகத்தான் வாங்கியிருந்தான். மாட்டும்போது பழைய கையோடு சேர்த்துவைத்து, அதே நீளத்துக்குத் திருகி மாட்டியிருந்தார்கள்.

"கூட்டிக் குறைக்கிறத வாங்கிட்டு, கூட்டவே இல்லையே. அப்புறம் எதுக்குலே இத வாங்கினீக?"

"சின்னதும் பெருசும் ஆகிறக்கூடாதுன்னு பழசோட அளவா வச்சோம்."

"வண்டியத் தூக்கின பெறகு பழைய அளவு எதுக்கு?"

"அந்தக் கடையில கம்ப்யூட்டர்ல எல்லா அளவும் பச்சையா, சரியா இருக்குன்னு சொன்னாங்களே."

"முன்சக்கரம் ரெண்டும் உள்ள பாக்குதா வெளிய பாக்குதான்னு மட்டும் பாத்துருப்பாக. அது பச்சைதான். சாய்வ நீ கேக்கல, அவுகளும் சொல்லல."

 அவன் ஸ்பேனரைப் போட்டு, கையின் நீளத்தைப் பூட்டிவைக்கும் லாக் நட்டைத் தளர்த்தினான். நான் போனைப் பார்த்துக்கொண்டு எம்புட்டு என்று சொல்லச் சொல்ல, இடதும் வலதும் ஒரே அளவாகக் கையின் நீளத்தைக் கூட்டினான். கை நீள நீள அச்சின் அடிப்பக்கம் முன்னால் போகும், சாய்வு திரும்பி வரும். ஆசைப்பட்டு அதிகமாகவும் வைக்கக்கூடாது. அச்சு திரும்பும்போது எஞ்சின் பக்கமிருந்து வந்து அதைச் சுழற்றும் சாப்டின் முனையும் கீழே குனியும், பிறகு வேகத்தில் வண்டி உதறும். இரண்டுக்கும் ஒத்துவரும் இடத்தில் போதும் என்றேன். "அம்புட்டுத்தானா?" என்று கேட்டான். அம்புட்டுத்தான், இறுக்கு என்றேன்.

இன்னொரு கோளாறும் இருந்தது. வண்டியைத் தூக்கியதில் முன் அச்சு முழுசாகவே ஒரு விரல்கடை இடப்பக்கம் நகர்ந்திருந்தது. அதைப் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தோம். கடைசியில் சக்கரங்களின் பார்வை. அண்ணன் அனுப்பிய காலண்டர் பார்சலைக் கட்டிவந்த நூல் மேசையடியில் கிடந்தது. அதைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டி, அவன் டேப்பால் அளந்து, முன்சக்கரம் இரண்டையும் இணைக்கும் டை ராடைத் திருகி, ஸ்டியரிங்கை நேராக வைத்தோம். என் முழங்கால் பாதியிலேயே மக்கர் பண்ணிவிட்டது. கடைசி நட்டுகளையெல்லாம் அவன்தான் இறுக்கினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படவில்லை, ஒவ்வொரு நட்டையும் அளந்து இறுக்கிவிட்டு, விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனான். நல்ல கை.

அடியிலிருந்து வெளியே வராமலே கேட்டேன். முகம் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது.

"ஏன்லே, அம்மா கடை இங்க இருக்கயில அங்கிட்டு எதுக்குப் போன?"

"உன்கிட்ட வந்தா எறக்கச் சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்தான்."

"அதான். எறக்கின பெறகு, போகாதம்ப."

அதுவும் உண்மைதான்.

"இன்னைக்கு மட்டும் ஏன் வந்த?"

டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னான், "பயமா இருந்துச்சும்மா."

7

வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவில் கோடு போட்டதுபோல ஒரு ரோடு போகும், ஆள் நடமாட்டம் இருக்காது. எல்லா வண்டியையும் நான் அங்கேதான் சோதிப்பேன். கதிர் ஓட்டினான். கையை எடு என்றேன். பயந்துகொண்டே எடுத்தான். வண்டி நேராகப் போனது. லேசாகத் திருப்பிவிட்டுக் கையை எடுக்கச் சொன்னேன். ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேருக்கு வந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, சின்னப் பையனாக இருந்தபோது சிரிப்பானே, அந்தச் சிரிப்புச் சிரித்தான்.

"அம்மா, சூப்பர்மா."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

திரும்பி வரும்போது சாவியை வாங்கி நான் ஓட்டினேன். அம்புட்டு உயரத்திலிருந்து ரோட்டைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் இரண்டு இஞ்ச் தூக்குவான்.

கடைக்கு வந்ததும் இவர் கேட்டார், "என்ன, போகுமா?"

"இங்கருந்து சிவகாசிக்கே போகும்," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதிருக்குச் சுண்டல் எடுத்துவந்தார். 

மறுநாள் விடியற்காலையில் முதல் பனி தூவியிருந்தது. வெள்ளைத் துணி விரித்ததுபோலக் கடை முன்னால் மெல்லிசாகக் கிடந்தது. காலைப் பூஜையை முடித்துவிட்டு, அவன் வண்டியின் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன், சொல்லவில்லை. இவர் திருநீறு பூசிவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியையும் கம்பளியையும் முன்சீட்டில் வைத்தேன். அவன் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "வேகமாப் போகமாட்டேன்மா" என்றான். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. வளைவு வரைக்கும் பின்விளக்கு தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

இவர் உள்ளே போய்விட்டார். நான் பனியில் கிடந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே ரோடு வரைக்கும் நடந்தேன். தொழில் புத்தி, விடாது. நான்கு சக்கரம் போன இடத்தில் இரண்டே கோடு இருந்தது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே பிசகாமல் ஏறிப் போயிருந்தது. எங்கேயும் ஒரு நெளிவு இல்லை, ஒரு விலகல் இல்லை. சரியில்லை என்று ஒரு வண்டி என்னிடம் திரும்பி வந்ததே கிடையாது, இதுவும் வராது. ஒரு சின்னக் குறை வைத்திருந்தால் அடுத்த மாதமே இந்த வாசலில் வந்து நின்றிருப்பான் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அழுகை வந்தது, அழுதேன். குறை வைத்து வேலை பார்க்க எனக்குத் தெரியாது.